பத்தில் ஒரு மதிப்பெண்

கே: அமெரிக்க டிரம் கோர் ரசிகர்கள் 1993-இல் ஜெயித்த குழுவை விட்டுவிட்டு, தோற்ற குழுவைப் பற்றியே இன்னமும் பேசுகிறார்களே! நடுவர்கள் தூங்கிவிட்டார்களா?

ப: 97.4-க்கும் 97.3-க்கும் நடுவே தூங்க இடமேது? கேடட்ஸ் குழு ஸ்டார் ஆஃப் இந்தியானாவை வென்றது அந்த 0.1-இல்தான். தீர்ப்பில் குறையில்லை; நடுவரின் தாளும் ரசிகரின் நெஞ்சும் அளப்பது வேறு வேறு. மைதானத்தில் அணிவகுத்தபடி எக்காளமும் முரசும் முழக்கும் இந்தக் கலையில் கைதட்டலுக்கென்றே இடம் விட்டு இசையமைப்பது வழக்கம். ஸ்டார் அதைத் துணிந்து மறுத்து, பார்பரின் 'மீடியா'வையும் பார்டோக்கின் இசையையும் இறுக்கமாக, உக்கிரமாக வாசித்தது. அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் மறந்தவர் யார்?

தோற்றவர் மேல் இரக்கம், அவ்வளவுதான் என்பீர்கள். அப்படியானால் 2008-இல் வெறும் 0.025 வித்தியாசத்தில் ஜெயித்த பாண்டம் ரெஜிமென்ட்டின் 'ஸ்பார்டகஸ்' ஏன் அதே ஆர்வத்தோடு நினைவுகூரப்படுகிறது? அதற்கு இரக்கம் தேவைப்படவில்லையே. வெற்றியோ தோல்வியோ, கேட்பவரை உலுக்கியதே நிற்கிறது. அந்த உலுக்கலுக்கு ஒலிப்பதிவு இருக்கிறதே என்றால், பார்வையாளர் வரிசையை நோக்கி எக்காளங்கள் ஒருசேர நிமிரும்போது நெஞ்சில் வந்து மோதும் காற்று எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

ஸ்டார் 1993-ஆம் ஆண்டோடு போட்டியை விட்டு மேடைக்குப் போனது. அங்கே வளர்ந்த 'பிளாஸ்ட்!' என்ற நிகழ்ச்சி 2001-இல் டோனி விருது வாங்கியது.