பத்தே நிமிஷம், பதினைந்தே ரூபாய்

காலை ஆறரை மணிக்கு இவரைப் பார்க்கலாம். சென்னையில் அண்ணா நகர் டவர் பூங்கா, கோவையில் ரேஸ் கோர்ஸ், சின்ன ஊர் என்றால் அரசு மேல்நிலைப் பள்ளி மைதானம். வயது அறுபதைத் தாண்டி ஓரிரண்டு வருஷம். வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். காலில் வெளிநாட்டு மகன் வாங்கித் தந்த ஷூ, கையில் மடித்த துணிப்பை. இவரைத் தூரத்தில் கண்டதுமே மற்றவர்களின் நடை வேகம் கூடிவிடும். ஊரார் ஆரோக்கியத்துக்கு இவர் செய்யும் நேரடித் தொண்டு அதுதான்.

வேகம் போதாமல் மாட்டிக்கொண்டவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “காலையில என்ன டிபன் சார்?”

இட்லி என்று சொன்னீர்களோ, போச்சு. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உங்கள் தோளில் கை வைப்பார். “இட்லியா... இன்னமுமா?” என்று இழுப்பார். பிறகு குரல் நிமிரும். “நான் சொல்றேன் கேளுங்க. பத்தே நிமிஷம். பதினைஞ்சே ரூபா. சாமை, முருங்கைக்கீரை, முட்டை. ஒரு வாணலி. வேலை முடிஞ்சது. மும்மூர்த்தி டிபன்னு நான் பேர் வெச்சிருக்கேன்.”

இந்த மும்மூர்த்திகள் ஒரே நாளில் அவதரித்தவர்கள் அல்லர். நம்மவர் உடம்பில் கடந்த பதினைந்து வருஷங்களில் பல மோஸ்தர்கள் வந்து போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் போகும்போது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறது. முதலில் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடித்தார். மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டு வரைந்து அதன்மேல் நடந்தார். பேலியோ காலத்தில் சோற்றைக் கைவிட்டுக் காலை டிபனுக்கு நூறு பாதாம் பருப்பை எண்ணிச் சாப்பிட்டார். பாதாம் விலையைப் பார்த்ததும் பேலியோ போயிற்று, முட்டை மட்டும் தங்கியது. 2020-இல் கபசுரக் குடிநீரோடு சேர்ந்து முருங்கைக்கீரை சூப் வீட்டுக்குள் வந்தது. தொற்று போயிற்று, கீரை தங்கியது. அப்புறம் 2023. அந்த வருஷத்தை ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. இந்தியா கொண்டுபோன யோசனை அது. தீர்மானம் 2021-லேயே நிறைவேறிவிட்டது. “நாமதான் கொண்டுபோனோம் சார், எழுபது நாட்டுக்கு மேல ஆதரிச்சாங்க” என்று இவர் சொல்லும்போது, நியூயார்க்கில் கை தூக்கியவர்களில் இவரும் ஒருவரோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த வருஷம் இவருடைய மூன்று மாத சர்க்கரைக் கணக்கும் ஏறி வந்ததால், சாமை வீட்டுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

சரி, அந்தப் பத்து நிமிஷத்துக்கு வருவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பத்து நிமிஷம் என்பது பொய் இல்லை. கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு, அளந்துதான் சொல்கிறார். கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. முந்தின நாள் சாயங்காலம் மாடி வீட்டுக்காரர் மரத்திலிருந்து கீரையை ஒடித்து வந்தது அவர் மனைவி. முருங்கைக்கீரையை உருவுவது லேசுப்பட்ட வேலையில்லை. காம்பு கொஞ்சம் தங்கினாலும் வாயில் குத்தும். அதற்காக அந்த அம்மாள் கொத்துகளைச் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துவிடுவார். காலையில் உதறினால் முக்கால்வாசி இலை தானாக உதிர்ந்துவிடும். மீதிக் கால்வாசியை உட்கார்ந்து உருவவேண்டும். அந்தச் செய்தித்தாளைத்தான் நம்மவர் ஆறு மணிக்கு வீடெல்லாம் தேடுவார்.

சாமையில் கல் பார்த்து, மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, ஊற வைத்திருப்பதும் அந்த அம்மாள். சின்ன வெங்காயம் உரித்திருக்கும். சின்ன வெங்காயம்தான் வேண்டும் என்பது இவருடைய கொள்கை, உரிப்பது அவருடைய கண்ணீர். பச்சை மிளகாய் கீறியிருக்கும், கறிவேப்பிலை கழுவியிருக்கும். எல்லாம் கிண்ணம் கிண்ணமாக மேடையில் வரிசை கட்டியபிறகு நம்மவர் பிரவேசம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைப்பேசியைப் புளி ஜாடி மேல் சாய்த்துவைத்து, “ஸ்டார்ட்” என்பார்.

“ஏம்மா, கடுகு டப்பா எங்க?”

“உங்க கைக்கு முன்னாடி.”

“கைக்கு முன்னாடி சீரகம்ல இருக்கு.”

“சீரகத்துக்குப் பக்கத்துல பாருங்க.”

“இந்தத் தண்ணி போதுமா?”

“ஒரு டம்ளருக்கு ரெண்டரை.”

“இப்ப முட்டைய ஊத்தலாமா?”

“நீங்கதானே ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறீங்க.”

சாமை வேகவே பத்து நிமிஷம் ஆகும், பிறகு மூடி ஐந்து நிமிஷம் புழுங்கவேண்டும். கீரை வதங்க இன்னும் சில நிமிஷம். இதெல்லாம் எப்படிப் பத்துக்குள் அடங்குகிறது என்று கணக்கு வாத்தியார்கள் கேட்கக்கூடும். ரொம்பச் சுலபம். சாமை கொதிக்கும்போது இவர் கடிகாரத்தை நிறுத்திவிடுவார். “அது தானா வேகுது. அதுல என் நேரம் எதுவும் போகலியே!”

டிபன் முடிந்தபின் மேடையைப் பார்க்கவேண்டும். ஒரு வாணலி என்றார் அல்லவா? சாமை வெந்த பாத்திரம், அது பொங்கி வழிந்த அடுப்பு, முட்டை அடித்த கிண்ணம், அந்தக் கிண்ணம் பத்தாமல் மாற்றிய கிண்ணம், மூன்று கரண்டி, எங்கும் முருங்கை இலை. வாணலி இரும்பு. ‘பழகிய இரும்பில் முட்டை ஒட்டாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியது. பழகுகிறவரை ஒட்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை போலிருக்கிறது. எட்டு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்மணி வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். “ஐயா இன்னிக்கும் சமைச்சாரா அக்கா?” அவர் குரலில் இருப்பது பாராட்டு அல்ல.

அடுத்தது பதினைந்து ரூபாய். தினமும் காலையில் நாளிதழில் இவர் முதலில் பார்ப்பது நாமக்கல் முட்டை விலை. அது பண்ணையில் கொள்முதல் செய்யும் விலை. லாரி வாடகை, உடைசல், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று நாலு பேரைக் கடந்துதான் முட்டை தெருமுனைக்கு வரும். இவர் அந்த நாலு பேரையும் ஒப்புக்கொள்வதில்லை.

“அண்ணாச்சி, நாமக்கல்ல அஞ்சு ரூபா சொச்சம்தானே போட்டிருக்கான்?”

“அப்ப ஒரு எட்டு நாமக்கல்லுக்கே போய் வாங்கியாந்துருங்க சார். பஸ்ஸு நெறைய இருக்கு.”

கடைசியில் அண்ணாச்சி சொன்ன விலைக்கே ஒரு ட்ரே வாங்கிக்கொண்டு, வீட்டுக் கணக்கில் மட்டும் நாமக்கல் விலையை எழுதிக்கொள்வார். கீரை இனாம் என்பதால் பூஜ்யம். சமையல் காஸுக்குக் கணக்கில்லை. இரும்பு வாணலி ஆயிரத்துச் சொச்சம், அது முதலீடு. இயற்கை அங்காடிக்குச் சாமை வாங்கப் போன இடத்தில் பனங்கருப்பட்டி, செக்கு எண்ணெய், மூங்கில் பல்துலக்கி எல்லாம் வாங்கிவந்தது இந்தக் கணக்கிலேயே சேராது.

சாமை விலையே வேடிக்கைதான். அந்த அங்காடியில் ஒரு கிலோ சாமை, நல்ல பொன்னி அரிசியைவிட அதிகம் விற்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். ஏழை சாப்பிட்ட தானியம் பணக்காரர் கடைக்குப் போய், அரிசி ஏழையிடம் வந்து சேர்ந்துவிட்டது. சாமையின் உமி லேசில் பிரியாது. அதை நீக்கி, தவிடு போகாமல் எடுக்கிற ஆலைகளும் நெல் ஆலைகள்போலத் தெருவுக்குத் தெரு கிடையாது. மானாவாரி நிலத்தில் விளைச்சலும் குறைவு. விலை இறங்க வழியில்லை. மலிவுதான் நோக்கம் என்றால் 2013-இல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குப் பொங்கல் என்று வைத்தார்களே, அங்கே போகலாம். சொல்லிப் பார்த்தேன். “அது மலிவு சார், இது சிக்கனம்” என்றார். வித்தியாசத்தை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மனிதரின் கொள்கை அசைந்துகொடுத்த இடம் ஒன்று உண்டு: அவருடைய அம்மா. எண்பதைத் தாண்டியவர், தருமபுரிப் பக்கம். சின்ன வயதில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான் தின்று வளர்ந்தார். நெல்லுச் சோறு தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். விடியுமுன் எழுந்து சாமையை உரலில் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போட்டு, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தபின்தான் அடுப்புப் பக்கமே போகமுடியும். அந்தக் கிழவியின் முன்னால் மும்மூர்த்தித் தட்டை வைத்தபோது, அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு மகனை அருகே கூப்பிட்டு, மருமகள் காதில் விழாதபடி கேட்டாராம்:

“ஏன்டா, பென்சன் நின்னுபோச்சா?”

அன்றிலிருந்து அம்மாவுக்கு மட்டும் இரண்டு இட்லி. அதைச் சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது நம்மவர் ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து, ‘உப்பு பார்ப்பது’ வழக்கம்.

புரட்டாசி வந்தால் தனிச் சோதனை. அந்த மாதம் பாதித் தமிழ்நாடு அசைவத்தை நிறுத்திவிடுவதால் முட்டைக்குக் கிராக்கி குறையும், நாமக்கல் விலையும் இறங்கும். நாளிதழில் அதைப் படித்து இவர் பெருமூச்சு விடுவார். ஏனென்றால் அந்த ஒரு மாதம் அவர் வீட்டுச் சமையலறைக்குள்ளும் முட்டை போகமுடியாது, மனைவி போட்ட விதி. மும்மூர்த்திகள் இருவராகிப் போவார்கள். பூங்காவில் அந்த மாதம் பேச்சே கொஞ்சம் மட்டுப்படும்.

கீரையில் இரும்புச்சத்து இருப்பதைப் பற்றி ஒரு முழுச் சுற்று நடைக்கு விளக்குவார். வீட்டுக்கு வந்து கீரையைச் சாப்பிட்ட கையோடு ஒரு டபரா ஃபில்டர் காபி இறக்குவார். காபியும் டீயும் கீரையின் இரும்பை உடம்பில் ஒட்டவிடாமல் தடுக்கும், எலுமிச்சைச் சாறு ஒட்டவைக்கும். அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிட்டு, காபியை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும். இதை நான் சொன்னதற்கு, “காபி இல்லாம எப்படி சார் டிபன் இறங்கும்?” என்றார். எல்லாக் கொள்கைக்கும் ஒரு எல்லை உண்டு.

இந்தத் துரித டிபன் இனத்தில் இளையவர்களும் இருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில், ஓட்ஸில் முட்டையை உடைத்து ஊற்றிப் படம் பிடித்துப் போடுகிறவர்கள். அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்ஸ் தீர்ந்ததும் பரோட்டாவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஆனால் பெண்கள் விடுதியில் ஒருத்தி இருக்கிறாள். அறைக்குள் மின் கெட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விடுதி வார்டன் நோட்டீஸ் ஒட்டியிருப்பார். கெட்டில் துணி அலமாரியில் துப்பட்டாவுக்குள் இருக்கும். அதில் முட்டை அவியும். அந்த முட்டையை எடுத்துவிட்டு, புதுத் தண்ணீரில் சேமியாவோ ஓட்ஸோ ஒரு கொதி. நேற்று மாலை மின்ரயில் நிலைய வாசலில் பத்து ரூபாய்க்கு வாங்கி, உட்கார்ந்து தானே ஆய்ந்து கழுவி வைத்த சிறுகீரை ஒரு பிடி. உப்பு, மிளகுத்தூள். ஜன்னலைத் திறந்து வாசனையை வெளியே அனுப்பிவிட்டு, நின்றபடியே சாப்பிட்டு, கெட்டிலைக் கழுவித் துடைத்து, துப்பட்டாவுக்குள் வைத்து, ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பாள். என் பார்வையில் நாட்டிலேயே அசல் துரித டிபன்காரி அவள்தான். அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் கெட்டில் போய்விடும்.

நம்மவரை இவ்வளவு கேலி செய்தாலும், டிபனைக் குறை சொல்ல என் நாக்குக்கு வராது. இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன். சாமை உதிரி உதிரியாக, கீரையின் லேசான கசப்பைச் சின்ன வெங்காயம் சமாளிக்க, கடைசியில் அடுப்பைத் தணித்து ஊற்றிக் கிளறிய முட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். கீரையும் சேரும்போது மதியம்வரை பசிக்காது. சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சாமையும் மாவுச்சத்துத்தான், அளவு மீறினால் அதுவும் ஏறும். ஒரு கரண்டியோடு நிறுத்தவேண்டும். நம்மவர் மூன்று கரண்டி போட்டுக்கொள்கிறார்.

ஒரே ஆள், எல்லா வேலையும் தானே செய்தால், கீரை உருவுவதிலிருந்து வாணலி கழுவிக் கவிழ்ப்பதுவரை நாற்பது நிமிஷம் ஆகும். அது ஒன்றும் அதிகமில்லை. ஆகவே, நாளைக் காலை பூங்காவில் இவர் உங்களை மறித்தால் ஓடாதீர்கள். இட்லி என்றே தைரியமாகச் சொல்லுங்கள். அவர் பேசி முடித்ததும், “ரொம்ப சந்தோஷம் சார். நாளைக்கு நான் உங்க வீட்டுக்கே வர்றேன், கீரை உருவுறதுல இருந்து ஆரம்பிங்க, கூட இருந்து பார்த்துக் கத்துக்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். மறுநாள் அவர் வேறு பக்கமாக நடப்பார்.