நாயும் நாடாவும்

கேள்வி: கசாப்புக் கடை வாசலிலேயே வாசம் செய்யும் எங்கள் தெரு நாய்களின் வயிற்றில் நாடாப்புழு உண்டென்றும், அதனால் மனிதருக்கும் அபாயமென்றும் சொல்கிறார்களே, மெய்தானா?

பதில்: மெய்தான், ஆனால் 'நாடா' என்ற நாமதேயத்தைக் கேட்டுக் கஜக் கணக்கில் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எக்கினோகாக்கஸ் என்னும் அந்தப் புழு ஓர் அரிசியின் நீளத்தைத் தாண்டுவதே அபூர்வம். நாயின் குடலில் ஆயிரக் கணக்கில் குடியிருந்தும் வீட்டுக்காரனுக்குப் பெரும்பாலும் உபத்திரவம் செய்யாத அந்த உத்தமக் குடித்தனக்காரரின் முட்டைகள், நாயின் மலத்தோடு வெளியேறி, கழுவாத கீரையிலோ நாயைத் தடவிய கையிலோ ஒட்டிக்கொண்டு நம் வாய்க்குள் பிரவேசித்துவிட்டால், கல்லீரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வருஷக் கணக்கில் சாவதானமாக வளர்ந்து, கடைசியில் சஸ்திர வைத்தியரிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நாய்க்கு இது வருவது, 'பாவம், பசிக்கிறதே' என்று நாம் வீசுகிற, கட்டி கண்ட ஆட்டு ஈரலிலிருந்து. ஒரு காலத்தில் இந்நோயால் மிகவும் அவதிப்பட்ட ஐஸ்லாந்துக்கு 1863-ல் சென்று ஆராய்ந்த கிராபே என்ற டேனிஷ் பண்டிதர் இந்த ரகசியத்தை ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல, 1869-ல் நாய்களைப் பற்றிச் சட்டமே பிறந்தது. நோயும் காலக்கிரமத்தில் தொலைந்தது. ரெய்க்யாவிக் நகரமோ, இன்னும் ஒரு படி மேலே போய், 1924-ல் நாய் வளர்ப்பதையே தடை செய்துவிட்டது! அவ்வளவு தூரம் போக வேண்டாம். கழித்த ஈரலைப் புதைத்துவிடும்படி உங்கள் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். நாய்கள்தாம் கோபித்துக்கொள்ளும்.