பழைய பிக்கப்புக்கு டில்ட் ஸ்டீயரிங்: ஆறே படிகளில்

1953 முதல் 1956 வரை அமெரிக்காவில் வந்த ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்று கராஜில் நிற்கிறதா? அதன் ஸ்டீயரிங்கை, மேலும் கீழும் சாயும் டில்ட் வகைக்கு மாற்றும்வரை உங்களுக்குத் தூக்கம் வராது. வீல் தொப்பையில் இடிக்கிறது என்பதுதான் நிஜக் காரணம். கேட்பவர்களிடம் ‘சேஃப்டி’ என்று சொல்லுங்கள். அதுவும் பொய்யில்லை. அந்த வண்டியில் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வீல்வரை ஒரே இரும்பு ராடு. எதிரே மோதினால் நேராக நெஞ்சுக்குத்தான் வரும். மோதினால் உள்ளொடுங்கும் ராடை ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களுக்குப் போட்டதே 1967 மாடலில்தான்.

படி 1: காயலான் கடையில் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) டில்ட் செட் ஒன்று வாங்குங்கள். ஃபோர்டுக்குள் ஜிஎம் சரக்கா என்று சிரிப்பவர் வண்டியிலும் அதுதான் இருக்கும். நீளத்தை அளப்பது தன்னம்பிக்கை இல்லாதவர் வேலை. 1969க்குப் பிந்தைய கார் செட் என்றால் சாவித் துளையும் அதிலேயே வரும். டேஷ்போர்டில் ஏற்கெனவே ஒன்று உண்டு. இருக்கட்டும், திருடன் குழம்புவான்.

படி 2: வாங்கிய செட்டிலிருந்து வீலைக் கழற்றப் புல்லர் என்று ஒரு கருவி உண்டு. சுத்தியல் இருக்க அது எதற்கு? ராடின் தலையில் நாலு போடு போட்டால், விபத்தில் உடைவதற்கென்றே உள்ளே வைத்த பிளாஸ்டிக் பின்கள் கராஜிலேயே உடையும். எங்கும் மோதாமல் ராடு உள்ளொடுங்குவதைக் கண்ணாரக் காணலாம்.

படி 3: வீல் லொடலொடவென்று ஆடினால், டில்ட் தலைக்குள் நான்கு போல்ட் லூஸ். அவற்றை எட்ட இண்டிகேட்டர் சுவிட்ச், ஹாரன் வயர், ஸ்பிரிங் எல்லாம் கழற்ற வேண்டும். ஸ்பிரிங் பறக்கும். தேடாதீர்கள், அது அடுத்த மாநிலத்தில் இருக்கும்.

படி 4: பழைய ராடை அறுங்கள். அதே பாக்ஸா, வேறு பாக்ஸா என்பதை அறுத்த பிறகு யோசிக்கலாம்.

படி 5: புதிய செட்டுக்கும் ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் நடுவே எக்ஸாஸ்ட் பைப் நிற்கும். அதைச் சுற்றிப் போக யூ-ஜாயிண்ட்டுகள் போடுங்கள். இரண்டு ஜாயிண்ட்டின் கவைகளும் ஒரே வரிசையில் நிற்காவிட்டால் ஒரே சுற்றில் லேசு, இறுக்கம், மறுபடி லேசு, மறுபடி இறுக்கம் என்று கைக்கு நல்ல உடற்பயிற்சி. மூன்றாவது ஜாயிண்ட் போட்டால் நடுவே ராடைத் தாங்க ஒரு பேரிங் வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். நீங்கள் வீலைத் திருப்ப, ராடு நடுவில் துள்ளும், டயருக்குச் சேதியே போகாது.

படி 6: ஒட்டு விழும் இடத்தில், தோட்டத்து கேட்டுக்கு வைத்த அதே வெல்டிங்கை வையுங்கள். உங்கள் கைக்கும் முன்சக்கரத்துக்கும் இருக்கும் ஒரே உறவு அதுதான் என்பதை அப்போது நினைக்கக் கூடாது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்ப்பவர்கள் கோழைகள்.

வேலை முடிந்ததும் விளம்பரம் கொடுங்கள்: “1956 எஃப்-100. டில்ட் ஸ்டீயரிங் போட்டது. சில்லறை வேலை மட்டும் பாக்கி. வாங்க வருபவர் ட்ரெய்லர் கொண்டு வரவும்.”