மின்தடை அறிவிப்பு எழுதுபவருக்கு ஒரு முட்டைக்காரனின் விண்ணப்பம்

மின்தடை அறிவிப்பு எழுதும், பெயர் அறியாத அதிகாரி அவர்களுக்கு,

ஐயா, எங்கள் வட்டாரத்தில் அதிகம் வாசிக்கப்படும் எழுத்தாளர் தாங்கள்தான். குற்றாலம், இலஞ்சி, மேலகரம், வல்லம், பிரானூர் என்று தாங்கள் ஊர்ப்பெயர்களை அடுக்கிக்கொண்டு போக, தன் ஊர் வந்துவிடக் கூடாதே என்ற பதைப்போடு ஆயிரக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள். எந்த நாவலாசிரியருக்கு வாய்த்தது இது? ‘காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை’ என்று கதையை நன்றாகத்தான் எடுக்கிறீர்கள். 2 மணிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை மட்டும் வாசகரின் கற்பனைக்கு விட்டுவிடுகிறீர்கள். அறிவிப்பே வராமல் போகும் கரண்டைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. அது எழுதாக் கிளவி.

அடியேன் நாட்டுக்கோழி முட்டைகளைப் பொரிக்க வைப்பவன். குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் பிரானூர் பார்டர் பரோட்டாவுக்குத் துணையாகக் கோழி வேண்டும். அந்தக் கோழிக்கு முன்னால் குஞ்சு வேண்டும். குஞ்சுக்கு முன்னால் 37.5 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்த மூன்றாவது சங்கதிக்குத்தான் தங்களிடம் வந்து நிற்கிறேன். நாட்டுக்கோழிப் பண்ணை வைக்கிறவர்களுக்குக் குஞ்சு பொரிப்பான் வாங்க அரசாங்கமே மானியம் கொடுக்கிறது. ஒரு துறை பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிறது. அந்தப் பெட்டிக்குள் எரிய வேண்டியதை இன்னொரு துறை பாதி நேரத்துக்குத் தருகிறது. பங்கீட்டில் குறை சொல்ல முடியாது.

தாங்கள் தேதி குறிக்கையில் உதவட்டும் என்று முட்டையின் நாட்கணக்கைச் சமர்ப்பிக்கிறேன். கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்துக்கு 28, காடைக்கு 17 அல்லது 18. முதல் வாரத்தில் சில மணி நேரம் கரண்ட் போனால் முட்டை கோபித்துக்கொள்ளாது. உள்ளே இருக்கும் கரு குளிரில் வளர்ச்சியை மெதுவாக்கிக்கொண்டு காத்திருக்கும்; கடைசியில் பொரிவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பெட்டியை அடிக்கடி திறக்காமல், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிட்டு மேலே கம்பளியைப் போர்த்தி, உள்ளே ஓரமாக இரண்டு வெந்நீர்ப் பாட்டில் வைத்தால் சமாளிக்கலாம். சூடு கொஞ்சம் குறைவதைத் தாங்கும் கரு, கூடுவதைத் தாங்காது. அதனால் பாட்டில் முட்டையைத் தொடக் கூடாது.

மூன்றாம் வாரத்தில் கதை மாறிவிடும். கரு தானே சூடு உண்டாக்கத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் முட்டை அடுக்கிய பெரிய பொரிப்பகத்தில் அந்த நேரம் மின்விசிறி நின்றால், குளிரால் அல்ல, தம் சூட்டாலும் மூச்சுக் காற்று போதாமையாலுமே கருக்கள் சாகும். அங்கே போர்த்தக் கூடாது, கதவைத் திறந்துவிட வேண்டும். என்னுடையது போன்ற சின்னப் பெட்டியிலோ 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை ஏற்றி, மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். ஆகவே, ஐயா, ஒருவரின் வீட்டில் கரண்டை நிறுத்துவது ஏழாம் நாளா இருபதாம் நாளா என்பது அறிவிப்பு எழுதுபவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. தெரிந்தால் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது.

இன்வெர்ட்டர் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வாங்கிவிட்டேன். அதன் பேட்டரி நிறையவும் கரண்ட் வேண்டுமாமே!

நமக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை. தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அதே காற்றை நம்பி ஆயிக்குடி, சுரண்டை பக்கமெல்லாம் காற்றாலைகள் கை வீசி நிற்கின்றன. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைக் கணக்கு, இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனியிலும் ஆடியிலும் அருவியில் தண்ணீர் கொட்டும் அதே நாட்களில்தான் இங்கே மின்சாரமும் விளைகிறது. விளைந்த கையோடு அது எங்கோ புறப்பட்டுப் போய்விடுகிறது. அந்தக் காற்று ஒரு புளியங்கிளையை முறித்துக் கம்பியில் போட்டால் இருட்டு மட்டும் எங்களுக்குத் தங்குகிறது. சித்திரையில், அறையே ஏறக்குறைய பொரிப்பான் மாதிரி கொதிக்கும் நாட்களில் இதைச் செய்திருக்கலாம். சாரல் அடித்துச் சுவரெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும் மாதமாகப் பார்த்துச் செய்கிறது காற்று. காற்றைக் கண்டித்து எழுத எனக்கு முகவரி தெரியவில்லை.

காரணம் சொல்வதில் நம் மாநிலத்துக்கு ஒரு மரபு உண்டு. 2021 ஜூனில் மின்துறை அமைச்சரே மின்தடைக்கு அணில்களையும் ஒரு காரணமாகச் சொன்னார். ராமருக்கு மண் சுமந்த இனத்துக்கு அதற்குப் பிறகு கிடைத்த பெரிய அரசாங்க அங்கீகாரம் அதுதான். அந்த வரிசையில் கோழியையும் சேர்த்துவிடாதீர்கள். கோழி கம்பியில் ஏறுவதில்லை.

மின்சாரமே இல்லாமல் பொரித்தவர்களும் இருக்கிறார்கள். எகிப்தில் வைக்கோலும் காய்ந்த சாணமும் எரித்துச் சூடாக்கிய செங்கல் அறைகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தார்கள். அந்த நாட்டில் முட்டையைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிப்பதை அரிஸ்டாட்டிலே குறித்துவைத்திருக்கிறார். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூடு போதுமா என்று சொல்லிவிடுவார்கள். பிரெஞ்சுக்காரர் ரேமூர் அந்த வித்தையை ஆராய்ந்து 1749இல் புத்தகமே போட்டார். வங்கதேசத்தில் நெல் உமியும் மண்ணெண்ணெய் விளக்குமாக வாத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். உமிக்கு இங்கே குறைவில்லை. இமையும் இரண்டு இருக்கிறது. இருந்தாலும் மின்கட்டணமும் கட்டிவிட்டு இமையையும் கொடுப்பானேன்?

பக்கத்து வீட்டு ஆச்சி என் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறாள். ஓலைப்பெட்டியில் மணலைப் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை வைத்து, இடிக்குக் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு, அடைக்கோழியை அமர்த்திவிட்டு அவள் பாட்டுக்குத் தூங்கப் போகிறாள். “ஏல, கோழிக்கு என்னைக்காவது கரண்ட் போயிருக்கா?” என்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் போகத்தான் செய்கிறது. அடைக்கோழியும் தினமும் ஒரு முறை எழுந்து போகும். இரை பொறுக்கும், தண்ணீர் குடிக்கும், மண்ணில் புரண்டு இறகை உதறும். அதுவும் பராமரிப்புப் பணிதான். ஆனால் முட்டை ஆறுவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். கால் மணி, இருபது நிமிடம். ‘பணி முடிந்தவுடன் சீராகும்’ என்று ஒரு நாளும் கொக்கரித்ததில்லை. இடையிடையே முட்டைகளைத் தானே அலகால் உருட்டித் திருப்பிவைக்கும். 21 நாளும் விடுப்பு கேட்காது. மனுவோடு அருகே போனால் மட்டும் கொத்தும். அதில் எங்களுக்கு அனுபவம் இருக்கிறது.

ஆகையால் தாங்கள் அறிவிப்பு எழுதும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு அடைக்கோழியை ஆலோசகராக நியமிக்க வேண்டுகிறேன். சம்பளம் இரண்டு கைப்பிடி கம்பு. கோரிக்கை அதிகப்படி என்றால், அறிவிப்பில் ‘மதியம் 2 மணி வரை’ என்பதை எந்தக் கடிகாரத்தின் 2 மணி என்று மட்டுமாவது குறிப்பிட வேண்டுகிறேன். அதுவும் இயலாதென்றால் கடைசியாக ஒன்று: வரும் புதன்கிழமைக்கு ஏதோ பராமரிப்பு என்று டீக்கடையில் பேச்சு அடிபடுகிறது. அன்றுதான் என் முட்டைகளுக்கு இருபதாம் நாள். வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டால் குஞ்சுகள் வெளியே வந்திருக்கும், நானே வந்து கிளை வெட்டிக் கொடுக்கிறேன். அரிவாள் என்னிடம் இருக்கிறது, ஏணி மட்டும் தாங்கள் கொண்டுவர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மின் இணைப்பு எண்ணை இங்கே எழுதத் துணியாத,
தென்காசிப் பக்கத்து நுகர்வோர்