வாடகைக் கூப்பன் வரும், இருங்க

இலவசத்தைத் திட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. சாந்திபுரத்திலிருந்து குப்பம் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் எந்தக் கட்சி என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பித்துவிடுவேன். "எல்லாத்தையும் சும்மா குடுத்தா எவன் உழைப்பான்?" எங்கள் தொகுதியில் இப்படிப் பேசத் தனி தைரியம் வேண்டும். எனக்கு இருந்தது தைரியம் இல்லை, மாதச் சம்பளம்.

அந்தச் சம்பளம் திருப்பதியில். குடியிருப்பதும் அங்கேதான், வாடகைக்கு. பின்னாடி போர்ஷனில் எங்க ஊர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். திருப்பதி முழுக்க மற்றவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவர். என்னை "அண்ணா" என்பார். பேப்பர் படிக்கிறவன் என்று என்மேல் ஒரு மரியாதை. அதை நான் கெடுத்துக்கொண்ட கதைதான் இது.

2017-ல் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. நூறு ஸ்மார்ட் சிட்டிகளில் வாடகைக்கு இருக்கும் ஏழைகளுக்கு வவுச்சர் தர மத்திய அரசு யோசிக்கிறது, செலவு சுமார் 2,700 கோடி. நகராட்சி வவுச்சரைக் கொடுக்கும், நாம் ஹவுஸ் ஓனரிடம் கொடுப்போம், அவர் அதைப் பணமாக்கிக்கொள்வார், மிச்ச வாடகை நம் கையிலிருந்து. திருப்பதி அதற்கு முந்தைய வருஷம்தான் ஸ்மார்ட் சிட்டி லிஸ்டில் சேர்ந்திருந்தது. ரெண்டையும் நானே கூட்டி, மேஸ்திரியைக் கூப்பிட்டு, விடையை அறிவித்தேன்.

"எந்த கார்டு வேணும்ணா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாதது என் வாயை என்றைக்கும் தடுத்ததில்லை. "ஆதார் போதும்" என்றேன்.

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கூப்பன் எப்போண்ணா?" என்பார். வரும், இருங்க என்பேன். கொஞ்ச நாளில் அந்த 2,700 கோடிக்கும் நானே பொறுப்பு என்கிற மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் மோட்டார் போடக்கூட அவர் வேலைக்குப் போன பிறகுதான் பின்பக்கம் போவேன்.

இதற்கு நடுவில் ஊரில் வேறொன்று நடந்தது. ஆந்திராவில் சச்சிவாலயம் என்கிற ஊர்ச் செயலகத்தின் வாலண்டியர் வீடு வீடாகப் போய், சொந்த வீடு இல்லாதவர் யார் என்று எழுதிக்கொண்டிருந்தார். வீட்டு மனைப் பட்டா தரப்போகிறார்களாம், கிராமத்தில் ஒண்ணரை சென்ட், டவுனில் ஒரு சென்ட், வீட்டுப் பெண்கள் பேரில். மேஸ்திரி என்னிடம் யோசனை கேட்டார். "ஒண்ணரை சென்ட்ல என்ன வரும், 650 சதுர அடி. அதுவும் ஊருக்கு வெளியே. கூப்பன் வரும், இருங்க" என்றேன். நல்லவேளை, என் பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லாத ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அவர் மனைவி.

2020-ல் கொரோனா. கூலி வேலைக்குப் போனவர்கள் ரோட்டில் நடந்ததை நாடே டிவியில் பார்த்தது. ஜூலையில் மத்திய அரசு இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளைக் குறைந்த வாடகைக்கு விடுவது, இல்லையென்றால் கம்பெனிகள் தங்கள் நிலத்திலேயே கட்டி வாடகைக்கு விடுவது. "அப்போ கூப்பன்?" என்றார் மேஸ்திரி. "கான்செப்ட் மாறிடுச்சு" என்றேன். எனக்கு எப்போதெல்லாம் விஷயம் தெரியாதோ அப்போதெல்லாம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்து காப்பாற்றும்.

2024-ல் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. விவரத்தைப் படித்துக்கொண்டே போனால், நடுவில் வவுச்சர்! ஏழு வருஷத்து மானம் திரும்பி வந்தது. பேப்பரோடு ஓடினேன். மேஸ்திரி மகள் அந்த வரியை முழுசாகப் படித்தாள். தனியார் கட்டும் வீட்டை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு வவுச்சராம். "வாங்கறவங்களுக்கா, பெரியப்பா?" என்றாள். நான் வவுச்சர் என்ற இடத்திலேயே படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

சரி, உலகத்தில் எங்கேயாவது இது நடக்கிறதா என்று அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரப் பையனைக் கேட்டேன். அங்கே 1974-லிருந்தே நடக்கிறது. ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டும், மீதியை உள்ளூர் வீட்டு வசதி அமைப்பு நேராக ஓனருக்கே அனுப்பிவிடும். சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இப்படிக் குடியிருக்கின்றன. அப்படியும், தகுதி உள்ள நாலு குடும்பத்தில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவி ஏதோ ஒரு வடிவில் போய்ச் சேருகிறதாம். மற்றவர்களில் பலர் திருமலையில் ரூமுக்கு நிற்கிற மாதிரி வரிசையில். அமெரிக்காவே என் கட்சி என்று எனக்கு ஓர் ஆறுதல்.

அங்கே வவுச்சர் கைக்கு வந்தாலும் வேலை முடிவதில்லை. வீடு தேடக் குறைந்தது 60 நாள் தருவார்கள். கெடு முடிவதற்குள் கிடைக்காவிட்டால் வவுச்சர் செத்துவிடும். எத்தனை வவுச்சர் கொடுத்தார்கள் என்பது மட்டும் போதாது, எத்தனை வவுச்சர் நிஜமாகவே வீடாக மாறியது என்பதற்கும் அந்த வீட்டு வசதி அமைப்புக்கு மார்க் உண்டு. 60 நாளில் திருப்பதியில் வீடா! "நான்வெஜ்ஜா? எத்தனை பேர்? ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வருவாங்களா?" இந்த இன்டர்வியூ முடியவே மாசமாகும்.

இன்னொன்றும் உண்டு. வீட்டை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் பாஸ் போட்டால்தான் அங்கே பணம். எங்கள் வீட்டு பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, நாடாதான். அந்த ஆள் இங்கே வந்தால், வவுச்சரை மடித்துக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார். அதுவும் உபயோகம்தான்.

படித்த தெம்பில் ஓனரிடமும் பேசினேன். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த 'மாதிரி வாடகைச் சட்ட'த்தில் அட்வான்ஸ் ரெண்டு மாசத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது, தெரியுமா என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தச் சட்டம் இருக்கிற வீடாப் பாருங்க சார்" என்றார்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வருஷா வருஷம் ஜனவரி ஆனால் ஆபீஸில் வாடகை ரசீது கேட்பார்கள். ஒரே ராத்திரியில், ஒரே பேனாவில், பன்னிரண்டு மாசத்துக்கும் எழுதி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ஓனரிடம் கையெழுத்து வாங்குவேன். வருஷத்துக்கு ஒரு லட்சம் தாண்டினால் அவர் பான் நம்பர் கேட்பார்கள் என்பதால், ரசீதில் மாசம் 8,300 என்றுதான் எழுத விடுவார். நான் கொடுப்பது அதைவிட அதிகம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் வாடகை குறைவு.

எதற்கு இந்தக் காகிதம் என்று இத்தனை வருஷம் யோசித்ததில்லை. அக்கவுண்ட்ஸ் மேடம்தான் சொன்னார். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகிற வாடகைக்கு வரி இல்லை, கணக்கு இன்னும் கொஞ்சம் சுற்றும், சாரம் இதுதான் என்று. நான் அமெரிக்கக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு 30, எனக்கு 10. பணமாகத் தரவில்லை, வரவேண்டிய வரியை விட்டுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வரிசை இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, கெடு இல்லை. இலவசத்தைத் திட்டிக்கொண்டே இத்தனை வருஷம் வாங்கியிருக்கிறேன், என் கையால் ஸ்டாம்ப் ஒட்டி.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவருக்கு வருமான வரி இல்லை, அதனால் விட்டுக்கொடுக்கவும் அரசாங்கத்திடம் ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ கூப்பன் வந்துடுச்சு. உங்களுக்கு மட்டும்" என்றார்.

அதுவும் நிலைக்கவில்லை. புதிய வரி முறையா, பழசா என்று ஆபீஸில் ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். 'புதிய' என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதிய முறையில் வாடகைக்குக் கழிவு கிடையாது. இதுவும் மேடம் சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் மேஸ்திரி கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வந்தார். மனைவி பேரில் வந்த ஒண்ணரை சென்ட்டில், அவரே கல் வைத்து, அவரே பூசிய வீடு. "மேல ஒரு போர்ஷன் போடலாம்னு இருக்கேன்ணா. ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தா உங்களுக்குத்தான். அட்வான்ஸ் ரெண்டு மாசம் போதும்" என்றார். தாழ்ப்பாள் வைப்பாரா என்று கேட்டுவைத்துக்கொண்டேன்.