ஸ்க்ரூ டைட்டா இருக்கா?

சிவாஜிநகரில் பிறந்தவனுக்குப் பால்குடி மறப்பதற்குள் ஒன்று புரிந்துவிடும்: எந்தப் பொருளையும் கடையில் வாங்கியபடியே வைத்திருக்கக் கூடாது. ரஸ்ஸல் மார்க்கெட்டைத் தாண்டி, பழைய பார்ட்ஸ் விற்கும் குஜரிப் பக்கம் போய்ப் பாருங்கள். மைசூரில் பிறந்த யெஸ்டி பைக் ஒன்று நிற்கும். ஹெட்லைட் வேறு வண்டியுடையது. சைலன்சர் யாரோ புண்ணியவானுடையது. சீட் எதனுடையது என்று சீட்டுக்கே தெரியாது. சொந்தக்காரரைக் கேட்டால், "ஃபுல் ஒரிஜினல் சார்" என்பார். நிறுத்திய காருக்குத் திரும்பி வருவதற்குள் அதன் கண்ணாடியை அடுத்த சந்திலேயே விலைபேசி வாங்கிவிடலாம் என்று பெங்களூரில் ஒரு பழைய ஜோக் உண்டு. வெறும் ஜோக்தான். ஆனாலும் நான் அங்கே ஆட்டோவில்தான் போவேன்.

இந்த மண்ணில் வளர்ந்தவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. அவன் ஒரு ஏர் ரைஃபிள் வாங்கினான். வாங்கிவந்த அன்று மாலை நான் எட்டிப் பார்த்தபோது, ரைஃபிள் இல்லை. பழைய தினத்தந்தி மேல் நட்டும் போல்ட்டும் ஸ்பிரிங்குமாகப் பரப்பி வைத்திருந்தான்.

"சுட்டுப் பார்த்தியாடா?"

"இல்ல மாமா. முதல்ல ஸ்பிரிங்கை மாத்தணும். கம்பெனி ஸ்பிரிங்ல குறி நிக்காதாம்."

"சுடாமலே எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாரும் சொல்றாங்க மாமா."

அந்த 'எல்லாரும்' யார் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர்கள் வங்கிக் கணக்கில் மட்டும் என் மச்சானின் சம்பளம் மாதாமாதம் போய்ச் சேர்ந்தது.

தன் துப்பாக்கியை அவன் 'வேட்டை ரைஃபிள்' என்றுதான் சொல்வான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த நாட்டில் வேட்டை என்று சொல்லிக்கொண்டு துப்பாக்கியோடு கிளம்பினால், திரும்பி வருவது வக்கீலோடுதான். அசல் துப்பாக்கிக்குப் பார்ட் மாற்றுவதும் லேசில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைப் பொறுத்தவரை துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். அதனால் நம் ஊரில் 'அப்கிரேட்' நோய் பிடித்தவர்களுக்கெல்லாம் புகலிடம் ஏர் ரைஃபிள். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் ஆற்றல் என்ற வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். மச்சான் வேட்டையாடும் மிருகமும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது: அட்டையில் அச்சடித்த காட்டுப்பன்றி. ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறான்.

வேட்டை என்றதும் பெங்களூர்க்காரனுக்கு நினைவு வருகிற பெயர் கென்னத் ஆண்டர்சன். 1910இல் பிறந்தவர், பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர், 1974இல் இறந்தார். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தார். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895ஆம் ஆண்டு மாடல். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் வகை. அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கியதும் தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது எடுத்துப்போனதும் இதே ரகம்தான். ஆண்டர்சன் எழுதியதைப் படித்தால், குளிர், கொசு, மரத்துமேல் மரத்துப்போன கால், டார்ச் லைட் எல்லாம் பக்கம் பக்கமாக வரும். ட்ரிகர் மாற்றிய கதை எதுவும் எனக்கு நினைவில்லை. இதை மச்சானிடம் சொன்னேன்.

"அப்போ பார்ட்ஸ் கிடைச்சிருக்காது மாமா, பாவம்" என்றான்.

இனி பார்ட்ஸ் புராணத்தைக் கொஞ்சம் நியாயமாகவே பார்த்துவிடுவோம். பாகம் மாற்றினால் பலனே இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம்; ஆனால் அது பொய். இந்தியாவில் லைசென்ஸ் உள்ளவர்களிடம் பரவலாக இருக்கும் .315 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். இஷாப்பூர் தொழிற்சாலை செய்தது, லீ-என்ஃபீல்டின் வாரிசு. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்று வெள்ளைக்காரன் யோசித்ததால் 8 மில்லிமீட்டர் குழலோடு பிறந்தது. அதன் கட்டை மரம். மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும், ஒரு பக்கமாகக் குழலை நெட்டும். போன மாதம் நேராகப் போன தோட்டா இந்த மாதம் இடப்பக்கம் போகும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். தடங்கலில்லாமல் கடைசிவரை போனால் நல்லது; மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மரத்தைச் செதுக்கி, இரும்பு உட்காரும் இடத்தை எப்பாக்ஸி ஊற்றி உறுதி செய்தால் பலன் கண்கூடாகத் தெரியும். கல்லைப் போல் கெட்டியான ட்ரிகரை இளக்கினாலும் தெரியும். இழுக்கிற இழுப்பில் துப்பாக்கியே திரும்பாமல் இருக்கும்.

ஆனால் எதற்கு இத்தனை பாடு? ஒரு புள்ளிமானின் நெஞ்சில் உயிர்நிலை ஏறத்தாழ ஒரு சாண் அகலம். 100 மீட்டர் தொலைவில் ஆறு சென்டிமீட்டருக்குள் சுடும் சாதாரணத் துப்பாக்கியே அதற்குத் தாராளம். இருக்கிற சொத்தையெல்லாம் விற்று மூன்று சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தாலும் மானுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அதோடு, மேடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, சாய்ந்துகொள்ள மரமில்லாமல் நின்றபடி சுடுகிறவனின் கை ஆட்டம் இருக்கிறதே, அது ஆறையும் மூன்றையும் சேர்த்து விழுங்கிவிடும். கையாட்டத்துக்கு மாற்று பார்ட் குஜரியில்கூடக் கிடைக்காது.

ஏர் ரைஃபிள் கதை இன்னும் வேடிக்கை. அதில் ட்ரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், அந்தக் காற்று குண்டை உந்தும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி ஒருமுறை பின்னால் உதைத்து, ஒருமுறை முன்னால் குதித்து முடித்திருக்கும். ஆகவே இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குறி கெடும். உள்ளங்கையில் சும்மா படுக்கவைத்து, அது குதிக்கிறபடி குதிக்கவிட வேண்டும். என் மச்சான் போட்டதோ பலமான ஸ்பிரிங். வேகம் கூடியது, உதையும் கூடியது, அதிர்வில் ஸ்கோப் ஆடியது. அந்தச் சின்ன ஈயக்குண்டு உடுக்கை போல இடுப்பு ஒடுங்கியது. ஒலியின் வேகத்தை நெருங்கினால் தடுமாற ஆரம்பிக்கும். வேகத்துக்குக் காசு கொடுத்துத் தடுமாற்றத்தை வாங்கி வந்திருந்தான்.

பிறகு அந்த உதையை அடக்க ஒரு பார்ட். அந்தப் பார்ட்டின் பாரத்தைச் சமன்செய்ய முனையில் ஒரு எடை. எடை கூடியதால் தோளில் மாட்ட அகலமான பட்டை. பட்டை உரசுகிறது என்று ஒரு ஜாக்கெட். என் மனைவி ஒருநாள் தம்பியைப் பார்த்துக் கேட்டாள்: "ஏண்டா, அந்த அட்டைப் பன்னிய நீ சுடப் போறியா, கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

சோதனை தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு நண்பரின் மாந்தோப்பில். பின்னால் மண்மேடு, சுற்றிலும் ஆளில்லை. மச்சான் மூன்று குண்டு சுட்டான். மூன்றும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள். துள்ளிக் குதித்தான். அந்த அட்டையைக் கிழித்து பர்ஸில் வைத்துக்கொண்டான். அடுத்த மூன்று ஒரு தோசைக்கல்லுக்குள்.

"காத்து மாமா."

அதற்கடுத்தது வடைச்சட்டி அகலம். "கண்ணுல தூசி."

நல்ல மூன்று ரைஃபிளின் திறமை, கெட்ட மூன்று இயற்கையின் சதி. இதில்தான் பார்ட்ஸ் வியாபாரத்தின் மொத்த ரகசியமும் இருக்கிறது. எதையுமே மாற்றாத ஒரே துப்பாக்கி, ஒரே கை, ஒரே டப்பா குண்டு. ஆனாலும் மூன்று மூன்றாகச் சுட்டால் ஒரு கூட்டம் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு விரிவது சர்வசாதாரணம். அதே துப்பாக்கியில் பத்து சுட்டால், மூன்று சுட்டதைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேலேயே பரவும். இது கணக்கு, துப்பாக்கிக்கு நோய் இல்லை. பார்ட் வாங்கியவன் என்ன செய்கிறான்? பழைய பார்ட்டில் விழுந்த மோசமான மூன்றை நினைவில் வைத்திருக்கிறான். புதிய பார்ட்டில் விழும் நல்ல மூன்றுக்காகக் காத்திருக்கிறான். எப்படியும் அது ஒருநாள் விழும். விழுந்ததும் பர்ஸுக்குள் போய்விடும். நேர்மையாகப் பார்ப்பதென்றால், மாற்றுவதற்கு முன் பத்துப் பத்தாகச் சில அட்டை, மாற்றிய பின் அதே போல் சில அட்டை. ஒன்றையும் ஒளிக்காமல் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். இதை நான் சொன்னபோது மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், மரியாதைக்குரிய அக்கா புருஷன் என்பதால் மட்டும் நான் பிழைத்தேன்.

ஜிம் கார்பெட் கதையையும் சொல்லிப் பார்த்தேன். 1907. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் அதைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டார், தோட்டா தீர்ந்துவிட்டது. உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார். புலியை நெருங்கித் துப்பாக்கியைத் தூக்கும்போதுதான் பார்க்கிறார், அதன் குழலுக்கும் பின்கட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி! புலியின் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு போய் வலது காலில் தட்டியது. பிறகு அதை நகத்தாலேயே நோண்டி எடுத்தாராம். முந்தைய காயங்களால் ஏற்கெனவே சாகக் கிடந்த புலி, அந்தத் தட்டில் சரிந்தது. அதற்குப் பரிசாக லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் அவருக்கு அருமையான .275 ரிக்பி ரைஃபிள் ஒன்றைக் கொடுத்தார். கவனியுங்கள், அப்கிரேட் வந்தது புலி செத்த பிறகு.

"அந்த இடைவெளிக்கு ஒரு வாஷர் போட்டிருந்தா வாய்லயே பட்டிருக்கும்" என்றான் மச்சான்.

வேறு வழியில்லாமல் அவனைக் குஜரிக்கே கூட்டிப்போனேன். எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் அங்கே ஸ்கூட்டர் எஞ்சின்களைப் பிரித்து மேய்கிறவர். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. மச்சான் போனில் படங்களைக் காட்டி, ஸ்பிரிங்கிலிருந்து ஜாக்கெட்வரை ஒப்பித்து முடித்தான். பாய் சுலைமானி டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"எல்லாம் சரி தம்பி. அந்தத் தூரக்கண்ணாடி இருக்கே, அதோட ஸ்க்ரூ டைட்டா இருக்கா?"

மச்சான் முகம் போன போக்கைப் பார்த்து பாய்க்கே பரிதாபமாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். ஸ்கோப் மவுண்டில் ஒரு ஸ்க்ரூ விரலாலேயே சுற்றியது. அதை முறுக்கினான். பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டான். என் நச்சரிப்பு தாங்காமல் நாலைந்து ரகக் குண்டு டப்பாக்களை வாங்கி, எந்த ரகம் இந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தான். ஒரு ரகம் மட்டும் கூட்டத்தைச் சட்டென்று பாதியாக்கியது. ஒலிம்பிக் ஆட்களும் தங்கள் குழலுக்கு எந்தக் குண்டு என்று இப்படித்தான் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 10 மீட்டர் ரைஃபிளில் அவர்கள் அடிக்க வேண்டிய நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அந்தப் புள்ளியைச் சுட்டுத்தான்.

இத்தோடு அடங்கியிருப்பான். நான்தான் பேச்சுவாக்கில் அபினவ் பிந்த்ராவை இழுத்துவிட்டேன். 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியவர், அதற்கு முன் 2004 ஏதென்ஸ் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தார். அன்று அவர் நின்ற இடத்தில் காலடி டைல் ஆடியது என்று பின்னால் சொன்னார். உலகத்தரமான ரைஃபிள், உலகத்தரமான கை, ஆடியது தரை.

மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"மாமா, தோப்புல நாம நின்ன இடம் வெறும் மண்ணுதானே?"

மறுநாள் அவனிடமிருந்து போன். கிருஷ்ணகிரியில் இருந்து பேசினான். கிரானைட் பாலிஷ் போட்டது சதுர அடி என்ன விலை, போடாதது என்ன விலை என்று இரண்டையும் சொல்லிவிட்டு, நிற்பதற்கு எது நல்லது என்று என்னைக் கேட்டான். பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.