வண்டலூர் காணாத மினுமினுப்பு

உங்கள் ஹெரால்டு காரைப் பார்த்துவிட்டு வந்தேன் ஐயா. பாராட்டாமல் இருக்க முடியவில்லை. பானட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது என் முகம் தெரிந்தது. சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப்கூடத் தெரிந்தது. 1961-இல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி ஹெரால்டு கார்களைச் செய்யத் தொடங்கியபோது, அந்த வாசலைத் தாண்டிய எந்த வண்டியும் இப்படி மின்னியிருக்காது. மின்னியிருக்க வழியும் இல்லை. நிறத்தை அடித்து, அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் அடிக்கிற முறை கார் தொழிற்சாலைகளில் பரவலானது 1980களில்தான். இத்தாலியக் கலைஞர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த வடிவத்துக்கு, அவர் கண்ணால் காணாத ஒரு மெருகைக் கொடுத்திருக்கிறீர்கள். தொழிற்சாலையையே மிஞ்சிவிட்டார் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான், மிஞ்சித்தான் விட்டீர்கள்.

நிறத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முத்து வெள்ளை. நிழலில் வெள்ளையாக இருக்கிறது, வெயில் பட்டதும் வளைவுகளில் இளஞ்சிவப்பு ஓடுகிறது. உள்ளே இருக்கும் மைக்காத் துகள் செய்கிற வேலை அது. கடையில் இன்றைய பெரிய வண்டி ஒன்றின் நிற எண்ணைச் சொன்னீர்கள், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது, மாலைக்குள் டப்பா கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு விரைவாக முடிவெடுக்க எல்லாராலும் முடியாது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுக்கிறார்கள். கதவு ரப்பர் பீடிங்கை நீக்கி அதன் அடியில் பார்க்கிறார்கள். டிக்கி விரிப்பைத் தூக்குகிறார்கள், கதவின் உள்பலகையைக் கழற்றுகிறார்கள். வெயில் படாத அந்த இடங்களில்தான் வண்டி பிறந்தபோது பூசிய நிறம் மங்காமல் இருக்கும். ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால், பின்னால் பூசிய நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வளையமாக விரிந்து, நடுவில் முதல் நிறமும் அதன் பிரைமரும் தெரியும். அந்த இடத்தை மெல்ல பாலிஷ் போட்டுத் துடைத்து, கடைக்காரரின் நிறமானியை வைத்து அளந்து, சின்னத் தகட்டில் அடித்துப் பார்த்து, அதை ட்யூப் லைட்டிலும் நடுப்பகல் வெயிலிலும் ஒப்பிட்டு, ஒத்துவரும்வரை சொட்டுச் சொட்டாக மாற்றுகிறார்கள். வாரக்கணக்கில் ஆகிற வேலை.

நீங்கள் அந்தச் சிக்கலே வராமல் பார்த்துக்கொண்டீர்கள். டாஷ்போர்டின் அடிப்பக்கம், கதவின் உள்பக்கம், டிக்கியின் மூலை என்று ஓர் இடம் விடாமல் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்கச் சொன்னீர்கள். அரைகுறை வேலை பிடிக்காது என்றீர்கள். அதன்படியே முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வண்டியை முதன்முதலில் வாங்கியவர் எந்த நிறத்தில் வாங்கினார் என்று இனி யார் தேடினாலும், ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் ஒரு சொல்தான் கிடைக்கும். நிறத்தை மாற்றினால் அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்து மாற்ற வேண்டும் என்பதால், சட்டத்தை மதிக்கிற நீங்கள் அந்தச் சொல்லையும் விட்டுவைக்க மாட்டீர்கள்.

அடுத்தது பட்டி வேலை. இதைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். ஹெரால்டைத் தெரிந்தவர்களுக்கு அதன் உடல்வாகு தெரியும். அந்தக் காலத்து மற்ற பல கார்கள் உடலும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தபோது, இது தனி சேசிஸின் மேல் தகட்டுப் பகுதிகளை போல்ட் போட்டு இணைத்த வண்டி. பானட்டே இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினைப் பார்ப்பார். பகுதிகளை இணைத்து இணைத்துச் செய்ததால் இணைப்புக் கோடுகள் வெளியே தெரியும். இது இப்படித்தான் செய்யப்பட்டது என்று வண்டியே காட்டும் கோடுகள் அவை. உங்கள் பட்டிக்காரர் அவற்றை நிரப்பி, தேய்த்து, இருந்த தடமே தெரியாமல் ஆக்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். ஒரு மேடு பள்ளம் தட்டவில்லை. சேசிஸ் நெளியும்போது போல்ட் போட்ட பகுதிகள் தனித்தனியாக அசையும், நடுவில் நிரப்பிய பட்டியால் அப்படி அசைய முடியாது. எனவே அந்தக் கோடுகள் என்றாவது திரும்ப வரும், விரிசலாக. அது வரைக்கும் இந்த வழுவழுப்பு குறையில்லாத வழுவழுப்பு.

துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் வைத்திருப்பது என் வழக்கம். உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். பானட்டில் வைத்தேன், ஒட்டியது. கதவில் வைத்தேன், தயங்கித் தயங்கி ஒட்டியது. கதவுக்குக் கீழே பின்சக்கரத்தை நோக்கி ஓடும் தகட்டில் வைத்ததும் நழுவித் தரையில் விழுந்தது. அந்த இடத்தில் காந்தத்துக்கு எட்டுகிற தூரத்தில் இரும்பு இல்லை. இரும்பு இல்லாத இடத்தில் மிக்கெலோட்டியின் கோடு நூல் பிசகாமல் நிற்கிறது என்றால், அந்தப் பெருமை முழுக்கப் பட்டிக்காரரின் கைக்குத்தான். துருவை வெட்டி எறிந்து, புதுத் தகட்டை அளவாக வளைத்து, வெல்டிங் வைத்து, அரம் போட்டு, எபாக்ஸி பிரைமர் அடித்து, பிறகு 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பட்டி போடுவது சாதாரண டிங்கரிங் பட்டறைகளின் வழி. தகட்டின் துணையே இல்லாமல் வடிவத்தை நிறுத்த அவர்களுக்குத் தெரியாது. பூச்சின் தடிமனை அளக்கும் கருவியையும் வைத்துப் பார்த்தோம் அல்லவா? தொழிற்சாலையிலிருந்து வரும் புது வண்டிகளில் அது பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். உங்கள் கதவில் அந்தக் கருவி தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டது. பணத்தைத் தாராளமாகச் செலவழித்திருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பெயிண்டின் தரத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடியதைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். பழைய கார் பிரியர்கள் சிலர் இன்னமும் டூகோ என்று கேட்பார்கள். 1923-இல் டூபாண்ட் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் அது. அதற்கு முன் ஒரு காருக்கு நிறம் பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூகோ அதை நாள்கணக்குக்குக் குறைத்தது. தின்னர் பறந்துபோனால் காய்ந்துவிடும், மறுபடி தின்னர் பட்டால் கரையும். அதனால்தான் ஒரு கீறலின் மேல் புதிதாக அடித்தால் பழைய பூச்சோடு கரைந்து ஒன்றாகிவிடுகிறது. மினுமினுப்பு தானாக வராது. ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் தொட்டுத் தோள் வலிக்கத் தேய்த்தால்தான் வரும். வருவதும் கண்ணைப் பறிக்காத, கொஞ்சம் அடங்கிய மினுமினுப்பு. வெயிலில் வெளுக்கும், சில வருடங்களில் பொடியாக உதிரும். அந்தப் பெயிண்டைத் தேடிப் போகச் சொல்லி இன்று நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். ஹார்ட்னர் கலந்து அடிக்கிற இன்றைய பெயிண்ட் பல மடங்கு உறுதியானது. அதிலேயே கிளியர் கோட் இல்லாமல் நிறமே மினுங்குகிற வகை ஒன்று உண்டு. 60களின் வண்டிக்கு அதைப் பூசினால், வண்டி அதன் வயதிலேயே இருக்கும், பூச்சும் நீடிக்கும். அந்த வகை உங்கள் டப்பாவைவிட மலிவு. மலிவானதை நீங்கள் தொட மாட்டீர்கள் என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்கிறது, அவர் எடுத்துக் காட்டவே இல்லை.

வேகத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை என்றதும் பட்டறையில் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடந்தது. பட்டியைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்த அன்று மாலையே பிரைமர் அடித்துவிட்டார்கள். பட்டி ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், அது முழுக்க உலராமல் மேலே மூடினால் கொப்புளமாக எழும் என்று பழைய பெயிண்டர்கள் சொல்வார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே தின்னர் பறக்க நேரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் சிக்கிய தின்னர் மெல்ல மெல்ல வெளியேறி ஊசித் துளைகளை விட்டுப்போகும், மெருகும் மங்கும் என்பார்கள். நடுவில் ஹார்ட்னர் தீர்ந்தபோது வேறு கம்பெனி ஹார்ட்னரை ஊற்றி, அளவைக் கண்ணாலேயே பார்த்துக் கலந்தார்களாம். அப்படிக் கலந்து, அடித்து, காய்ந்தும் காயாமலும் லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், பரிசும் வாங்கிவந்தீர்கள். பரிசு கொடுக்கிற நாளில் ஒரு கொப்புளமும் இல்லை. நான் பார்த்தபோது இடது கதவின் கீழ்விளிம்பில் மிளகு அளவில் சில இருந்தன. கடல் காற்றுள்ள ஊர் இது, அவை பெரிதாகும். ஆனால் அன்று இல்லை.

அந்தப் பெயிண்டரின் பெயரை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரைப் பாராட்டத்தான் எனக்குச் சொல் போதவில்லை. ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அதன் ஆவியும் தெளிப்புத் துளியும் நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலே மூச்சு திணறும். கெடுதல் செய்கிற அளவில் காற்றில் இருந்தாலும் மூக்குக்கு வாசனை தட்டாது, அதுதான் இதில் கொடியது. வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி போட்டுக்கொண்டு அடிக்க வேண்டிய சாமான் இது. உங்கள் வண்டியை அவர் தார்ப்பாயால் மறைத்த கொட்டகைக்குள், மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தார். அவருக்கு முன்னால் இன்னொருவர் பழைய பெயிண்டை உலர்வாகவே தேய்த்தார். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி முழுக்க அவர் தலைமுடியில் இருந்தது. இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். டப்பாவுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கை அவர்கள் மூச்சுக்கு ஒதுக்க வேண்டும் என்று அவர்களும் கேட்கவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. கணக்கு சுத்தமாக முடிந்தது.

இப்போது வண்டி ஷெட்டில், விரிப்புக்குள், விளக்குக்கு அடியில் நிற்கிறது. மழையில் எடுப்பதில்லை. கல் தெறிக்கும் என்று நெடுஞ்சாலைக்கும் எடுப்பதில்லை. அதியமானின் தூதாகப் போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மாலை சூடி எண்ணெய் பூசி வரிசையாக வைத்திருந்த வேல்களைப் பார்த்துப் பாராட்டினாள் என்று புறநானூறு சொல்கிறது. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த வேல்கள் உண்மையிலேயே பளபளத்தன. எங்கள் ஊரில் இன்னொரு ஹெரால்டு உண்டு, நான்கு கதவு வைத்தது. மங்கிய பச்சை, கூரையில் பெயிண்ட் உதிர்ந்து பிரைமர் தெரிகிறது, வலது மட்கார்டில் ஒட்டு வேலை தெரிகிறது. சொந்தக்காரர் காய்கறி வாங்க அதில்தான் போகிறார். துரு வந்த இடத்தை மட்டும் வெட்டித் தகடு வைக்கிறார், அந்த இடத்துக்கு மட்டும் நிறம் சேர்க்கிறார். எந்த இடத்தில் என்ன செய்தோம், எந்தக் கலவை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். பழைய வண்டிகளுக்கான உலகச் சம்மேளனமான ஃபிவா, 2013-இல் நடைமுறைக்கு வந்த தன் துரின் சாசனத்தில் கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான்: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, செய்ததை எழுதி வை. அமெரிக்காவில் பெபிள் பீச் கண்காட்சியில்கூட, புதுப்பிக்காமல் காப்பாற்றிய வண்டிகளுக்கு 2001-இலிருந்து தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சை வண்டியை எந்த ஊர்க் கண்காட்சியிலும் உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்த விட மாட்டார்கள். கூட்டம் உங்கள் பக்கம்தான் போகும்.

காலி டப்பாக்களை நீங்கள் தூக்கி எறியவில்லை, கூடத்து அலமாரியில் பரிசுக் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம் அது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். துருவும் எண்ணெய்ப் பசையும் இல்லாத தகட்டில் மட்டும் அடிக்க வேண்டும், இந்த ஹார்ட்னரை மட்டும் இந்த அளவில் கலக்க வேண்டும், கோட்டுக்குக் கோட்டு இத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும், காற்றுக் குழாய் முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது என்று லேபிளில் எல்லாம் போட்டிருக்கிறது. எழுத்து கொஞ்சம் பொடிதான். ஆனால் டப்பாவை நீங்கள் துடைத்து வைத்திருக்கிற சுத்தத்தில், ஒரு எழுத்துகூட அழியவில்லை.